ரோலர் இழுத்தவர் பெயர் எங்கே?

விடியும் முன்பே அப்பா சைக்கிளை எடுத்துவிடுவார். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டினால் திருச்சியில் அவர் வேலை பார்த்த கிரிக்கெட் மைதானம். பிட்சுக்குத் தண்ணீர் தெளிப்பார், ரோலர் இழுப்பார், சுண்ணாம்புக் கோடு போடுவார். ஆட்டம் தொடங்கியதும் பவுண்டரிக்கு வெளியே போய்விட வேண்டும். டீ நேரத்தில் வீரர்களுக்குக் கோப்பை. அப்பாவுக்கு வேலியோரம் கவிழ்த்து வைத்த தனி டம்ளர்.

நான் கொள்ளிடம் மணலில் ஆடி வளர்ந்தவன். மணலில் பந்து எழும்பாது. அப்பா உருட்டிய பிட்சில் ஒருநாள்கூட ஆடியதில்லை.

கல்லூரியில் பல்வங்கர் பாலுவைப் பற்றிப் படித்தபோது அந்த டம்ளர்தான் நினைவுக்கு வந்தது. அவரும் மைதானத் தொழிலாளிதான். புனேயில் வெள்ளைக்காரர்களின் ஜிம்கானாவில் மாதம் 4 ரூபாய்ச் சம்பளத்துக்கு பிட்ச் உருட்டினார், வலை கட்டினார். பயிற்சியில் அதிகாரிகளுக்கு மணிக்கணக்காகப் பந்து வீசினார். மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை.

அவர் திறமையைப் பார்த்து புனே இந்துக்கள் அணி சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே மண்குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூறுக்கும் மேல் விக்கெட் எடுத்தார். அப்படியும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டல்தான் தலைவரானார். அதுவும் போராடிப் பெற்றது.

இது நம் நாட்டு மைதானங்களின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் 1910இல் திறந்த ரிக்வுட் ஃபீல்ட் என்ற பேஸ்பால் மைதானம் இருக்கிறது. வெள்ளையரின் பேரன்ஸ் அணியும் கறுப்பரின் பிளாக் பேரன்ஸ் அணியும் அங்கேதான் ஆடின, ஆனால் தனித்தனியாக. இரு நிறத்தவரும் சேர்ந்து விளையாடுவதை நகரச் சட்டமே தடுத்தது. சேர்ந்து ஆடுவதைவிட ஆடாமலிருப்பதே மேல் என்று 1961க்குப் பின் பேரன்ஸ் அணி கலைந்தது. 1964இல்தான் இரு நிறத்தவரும் கொண்ட அணியாகத் திரும்பியது. 2024இல் அதே மைதானத்தில் கறுப்பின வீரர்களைப் போற்றி ஒரு பெரிய லீக் ஆட்டம் நடந்தது. அங்கே பட்ட அவமானத்தை மூத்த வீரர் ரெஜி ஜாக்சன் தொலைக்காட்சியில் நேரடியாகவே சொன்னார்.

நம் மைதானங்களில் அப்படி யார் சொன்னார்கள்? கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கிறது. ஸ்கோர் புத்தகத்தில் டக் அவுட் ஆனவர் பெயர்கூட இருக்கிறது. முப்பது வருஷம் ரோலர் இழுத்த என் அப்பாவின் பெயர் எதிலும் இல்லை. அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்க எனக்கும் தோன்றவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

தம்பி, தங்கைகளே, நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். உங்கள் ஊர் மைதானத்தில் பிட்ச் உருட்டும் பெரியவரிடம் போய்ப் பேசுங்கள். பெயர், ஊர், சம்பளம், டீ குடித்த டம்ளர் எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்படியே நிர்வாகத்திடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: அவர் பேரப்பிள்ளைக்கு இந்த பிட்சில் ஆட இடம் உண்டா?

ஜெய்பீம்.