குழாயில் தண்ணீர் வரவில்லையா, கம்ப்யூட்டரில் நெட் வரவில்லையா?

குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் வரவில்லை. உடனே புதுக் குழாய் வாங்கக் கடைக்கு ஓடுகிறோமா என்ன? பக்கத்துக் குழாயில் வருகிறதா என்று பார்ப்போம். மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, தெருவில் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவோம். இந்த வித்தையை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குடும்பம் நடத்துகிறவளுக்குத் தானாக வருவது.

ஆனால் வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை என்றால் மட்டும், "அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா, அவர் வரட்டும்" என்று உட்கார்ந்துவிடுகிறோம். ஏன் சகோதரிகளே? இதுவும் ஒரு குழாய்தான். தண்ணீருக்குப் பதிலாகச் செய்தி ஓடுகிறது, அவ்வளவே.

எங்கள் வீட்டில் இருப்பது 2011-ல் வாங்கியது; விண்டோஸ் 7 போட்டது. இத்தனை வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியதில் எனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன்.

முதலில் செல்போனை எடுங்கள். அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனிலும் வரவில்லையென்றால் கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை. ரௌட்டரை பிளக்கிலிருந்து பிடுங்கி, அரை நிமிஷம் விட்டு மறுபடி மாட்டுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் பொறுங்கள். ஃபைபர் இணைப்பாக இருந்து 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து வரும் லைனிலேயே கோளாறு. இணைப்புக் கொடுத்தவர்களுக்குப் போன் செய்வதுதான் வழி.

போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால், திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே நெட்டுக்கென்று ஒரு சின்னப் படம் இருக்கும். அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் இணைப்பே இல்லை என்று பொருள். பெருக்கும்போது துடைப்பம் பட்டு வயர் நழுவியிருக்கலாம். எலி கடித்திருக்கலாம். வயரை இரண்டு முனையிலும் 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுங்கள். லேப்டாப் என்றால், வைஃபையை அணைக்கும் பொத்தானைக் குழந்தை தட்டிவிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

லேப்டாப்பில் நம் வைஃபையின் பெயரே தெரியவில்லையா? இன்றைய ரௌட்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் பேசுகின்றன. பழைய லேப்டாப்புகள் பலவற்றின் காதில் முதலாவது மட்டும்தான் விழும். ரௌட்டரில் 2.4 அணைந்திருந்தால், அதைப் போட்டுத் தரும்படி கேளுங்கள்.

அந்தச் சின்னப் படத்தின்மேல் மஞ்சள் முக்கோணமும் ஆச்சரியக்குறியும் இருந்தால், வயர் சரி. அதற்கு மேலே எங்கோ அடைப்பு. ஸ்டார்ட்டை அழுத்தி, தேடும் கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து என்டரைத் தட்டுங்கள். ஒரு கறுப்புத் திரை வரும். பயப்படாதீர்கள், அது ஒன்றும் செய்யாது. அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளையும் இடைவெளி விடாமல் அடித்து மறுபடி என்டர். 'ஐ.பி.வி4 அட்ரஸ்' என்ற வரியைப் பாருங்கள். அதுதான் வீட்டுக்குள் உங்கள் கம்ப்யூட்டரின் கதவு எண். பெரும்பாலான வீடுகளில் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், ரௌட்டர் எண் தராததால் கம்ப்யூட்டர் தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரௌட்டரை முதலிலும் கம்ப்யூட்டரைப் பிறகும் அணைத்துப் போட்டால் பல சமயம் சரியாகிவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் நெட் வராத விந்தை ஒன்று உண்டு. பக்கத்துப் போர்ஷன் பெண்ணுக்கு அதுதான் நேர்ந்தது.

கைக்குழந்தைக்காரி. வீட்டிலிருந்தபடியே தமிழ் டைப் அடித்து, மெயிலில் அனுப்பிச் சம்பாதிக்கிறாள். ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண் கலங்க வந்தாள். "அக்கா, நெட்டே வரலை. ரிப்பேர்காரர் வந்து பார்த்துட்டு, மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்கன்னுட்டார். வளையலை அடகு வைக்கலாமான்னு பார்க்கிறேன்" என்றாள்.

"இரு இரு, வளையல் எங்கேயும் ஓடிடாது" என்று போய்ப் பார்த்தேன். போனில் வருகிறது. வயர் சரி. கதவு எண் 192.168 என்று ஒழுங்காக இருக்கிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மட்டும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை. மூலையிலிருந்த தேதியைப் பார்த்தேன். 2010 ஜனவரி 1!

பாதுகாப்பான இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தை வைத்து அதைச் சரிபார்க்கிறது. அதன் கணக்கில் இது 2010. நாளை பிறக்கப்போகிற பிள்ளைக்கு இன்றைக்கே பிறப்புச் சான்றிதழ் நீட்டினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? அதனால்தான் கதவைச் சாத்திவிட்டது.

தேதியையும் நேரத்தையும் திருத்தினேன். மறு நிமிஷம், "அக்கா, வந்துருச்சு!" என்று கத்தினாள். குழந்தைகூடச் சிரித்தது.

ஆனால் மறுநாள் காலை பழையபடி 2010. இரவில் சுவர் ஸ்விட்சை அணைப்பது அவள் வழக்கம். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது உள்ளேயிருக்கும் ஒரு பேட்டரி, அது தீர்ந்துவிட்டது. காசு மாதிரி வட்டமாக, 2032 என்ற எண்ணோடு இருக்கும். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைத்தது. நூறு ரூபாய்கூட ஆகவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து மூடியைக் கழற்றி மாற்றினோம். தேதியை ஒருமுறை வைத்ததோடு சரி. வளையல் அவள் கையிலேயே இருக்கிறது.

தாய்மார்களுக்கு இங்கே ஒரு முக்கியமான வார்த்தை. அந்தப் பழைய பேட்டரியைக் கண்ட இடத்தில் போட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் தொண்டைக்கும் வயிற்றுக்கும் இடையே உணவுக் குழலில் சிக்கி, இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். தீர்ந்த பேட்டரியும் இதைச் செய்யும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, எலெக்ட்ரானிக் கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொன்று. நெட் வந்துவிட்டது என்பதற்காகப் பழைய கம்ப்யூட்டரிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கக் கூடாது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பொதுவாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. குரோமும் 2023-ன் தொடக்கத்தில் அதற்குப் புதிய பதிப்பு தருவதை நிறுத்திவிட்டது. தாழ்ப்பாள் தேய்ந்துபோன கதவு மாதிரிதான். டைப் அடிக்கலாம், பிள்ளைகளுக்குப் பாடம் பார்க்கலாம். பாங்க் கணக்கைத் திறப்பது, பணம் அனுப்புவது மட்டும் அதில் வேண்டவே வேண்டாம். பக்கத்துப் போர்ஷன் பெண்ணிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். "சரிக்கா, கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து வேற வாங்கிடறேன்" என்றாள். அது நியாயம். வளையலை அடகு வைத்து அவசரத்தில் வாங்குவது வேறு, காசு சேர்த்து நிதானமாக வாங்குவது வேறு.

முடிந்தால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். போன், ரௌட்டர், வயர், கதவு எண், தேதி — இந்த ஐந்தையும் இதே வரிசையில் ஒரு அட்டையில் எழுதுங்கள். கீழே இணைப்புக் கொடுத்தவர்களின் புகார் எண்ணையும் குறித்து, பீரோ கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை "அம்மா, நெட் வரலை" என்று குரல் கேட்டால், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நீங்களே போய்ப் பார்க்கலாம்.