எண்பது கிலோவுக்கு எவ்வளவு காற்று?

சென்னையின் பாடியிலிருந்து எம்.டி.எச். சாலையில் மேற்கே போகும் பேருந்தில் காதில் விழும் நிறுத்தப் பெயர்களில் பாதி கம்பெனிப் பெயர்கள். லூகாஸ், பிரிட்டானியா, டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப். ஆலை மூடிய பிறகும் பெயர் நிறுத்தமாக நிற்பதும் உண்டு. முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949இல் தொடங்கியது டி.ஐ. சைக்கிள்ஸ். சைக்கிளுக்குக் குழாய் வேண்டும். 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. எஃகுத் தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்து, சூடுபடுத்தாமலே அச்சுக்குள் இழுத்துத் துல்லியமான குழாயாக்கும் வேலை அங்கே நடக்கிறது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு மேலே பளபளக்கும் போர்க்கின் உள்குழாய் அந்த ஜாதிதான்.

லட்சக்கணக்கில் செய்யப்படும் போர்க், கடைசியில் ஒரே ஒரு ஆளின் எடைக்கு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசி வேலை நடக்கும் இடத்தைப் பார்க்கத்தான் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு கிளைத்தெருவில் இருக்கும், மலைச் சைக்கிள் போர்க்கைப் பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போனேன். மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் மெட்ரோ வேலை நடந்த நாட்களில் குமணன்சாவடியிலிருந்து பூந்தமல்லிவரை சைக்கிளில் போயிருக்க மாட்டார்கள்.

பட்டறை நடத்துபவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். டூவீலர் போர்க்கில் ஆயில் சீல் மாற்றிக் கை பழகியவர். கியர் சைக்கிள் பெருகியதும் இந்தப் பக்கம் வந்துவிட்டார். நான் போனபோது பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வரும் ஒருவர், காற்று அடைக்கும் வகைப் போர்க்கோடு நின்றுகொண்டிருந்தார். வாரநாளில் ஆபீஸ், ஞாயிறன்று செம்பரம்பாக்கம் பக்கம் மண்பாதை. மணிக்கட்டு வலி என்றார். பட்டறைக்காரர் சைக்கிளைத் தொடவே இல்லை.

“எவ்ளோ வெயிட் சார் நீங்க? பை, தண்ணி பாட்டில் எல்லாம் சேத்து சொல்லுங்க.”

“எண்பது இருக்கும்ணா.”

“இருக்கும்னா? அந்த மெஷின்ல ஏறி நில்லுங்க.”

மூலையில் பழைய இரும்புக்கடைத் தராசு ஒன்று கிடந்தது. ஏறினார், எண்பத்தாறு. பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள், காற்று மட்டும் பொய்க்கு ஏற்றபடி நிற்காது என்றார்.

போர்க்கின் காலில் எடைக்கு இத்தனை பி.எஸ்.ஐ. என்று ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். வேலை தொடங்குவதற்குத்தான் அது. அவருக்கு நூறு பி.எஸ்.ஐ.யில் தொடங்கினார்கள். உள்குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தை டஸ்ட் சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, அவரைச் சுவரைப் பிடித்தபடி மெதுவாக ஏற்றினார்கள். மிதியில் எழுந்து நிற்கச் சொல்லி, பிறகு குலுங்காமல் இறக்கினார்கள். வளையம் மேலேறி நின்ற தூரத்தை ஸ்கேலில் அளந்தால் 28 மில்லிமீட்டர். அந்தப் போர்க்கின் மொத்த ஓட்டம் 100 மில்லிமீட்டர். ஆள் ஏறியதுமே அதில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நாலில் ஒரு பங்கு அமுங்கலாம்; அதற்கு மேல் அமுங்கினால் பள்ளத்துக்கு என்று மிச்சமிருக்கும் ஓட்டம் குறைந்துபோகும். அமுங்கவே இல்லையென்றாலும் தப்பு. சக்கரம் குழிக்குள் இறங்கும்போது போர்க் நீண்டு தரையைத் தொட வேண்டுமே, நீள்வதற்கு இடம் எங்கே இருக்கும்?

காற்று ஏற்ற சைக்கிள் பம்பு உதவாது. இதற்கென்று ஒரு குட்டிப் பம்பு உண்டு. ஒரு குத்துக்குக் கொஞ்சமே காற்று போகும், ஆனால் அழுத்தம் எகிறும். ஏற்றியபின் போர்க்கைப் பத்துப் பன்னிரண்டு முறை அமுக்கச் சொன்னார். முள் சட்டென்று கீழே இறங்கியது. உள்ளே இரண்டு அறைகள். மேலறைக் காற்று கீழறைக்குப் போய்ச் சமமாகும்போது அழுத்தம் குறையும், திரும்ப ஏற்ற வேண்டும். பம்பைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று வரும் சத்தத்தைக் கேட்டு எல்லோரும் பதறுகிறார்கள். அது பம்புக் குழாயில் இருந்த காற்றுதான். அதைச் சரிபார்க்கிறேன் என்று மறுபடி பம்பை மாட்டுபவர்கள்தான் காற்றை இழக்கிறார்கள், குழாயை நிரப்ப அது போர்க்கிலிருந்தே போவதால். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அளந்து, வளையம் 22இல் நின்றதும் அழுத்தத்தைச் சாக்பீஸால் சுவரில் எழுதினார்கள். அந்தச் சுவர் முழுக்க அப்படிப்பட்ட எண்கள். பெயர் கிடையாது, எடையும் காற்றும் மட்டும்.

இவ்வளவும் பாதி வேலை. அமுங்குவது எந்த ஸ்பிரிங்குக்கும் வரும். அமுங்கியது எந்த வேகத்தில் திரும்ப வேண்டும் என்பதில்தான் மொத்தத் தொழிலும் இருக்கிறது. எண்ணெயைச் சின்னத் துளை வழியாகத் தள்ளி அந்த வேகத்தை அடக்கும் டெலஸ்கோப் போர்க்கை 1935இலேயே பி.எம்.டபிள்யூ தன் மோட்டார் சைக்கிளில் போட்டுவிட்டது. சைக்கிளுக்கு அது வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பால் டர்னர் என்ற மோட்டார் சைக்கிள்காரர் கூட்டாளியோடு சேர்ந்து ராக்ஷாக்ஸ் போர்க்கைக் கடைக்குக் கொண்டுவந்தது 1989இல். மறு ஆண்டு அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் நெட் ஓவரெண்ட் அதை மாட்டிக்கொண்டு ஜெயித்தபின் ஷாக் இல்லாமல் போட்டிக்குப் போவது பழைய காலத்து வழக்கமாகிவிட்டது.

பட்டறைக்காரர் போர்க்கின் அடியில் இருக்கும் சிவப்புக் குமிழை முழுக்க மூடி, பிறகு கிளிக், கிளிக் என்று எண்ணித் திறந்தார். ஹேண்டிலை அமுக்கி விட்டுப் பார்த்தார். சக்கரம் தரையிலிருந்து துள்ளினால் திரும்பும் வேகம் அதிகம். சோம்பி எழுந்தால் குறைவு. அடுத்தடுத்து நாலு பள்ளம் வரும்போது போர்க் எழுவதற்குள் மறுபடி அமுங்கி, கடைசியில் கட்டையாகிவிடும். கேட்பதற்கு நேர்மாறாக இருந்தாலும், மணிக்கட்டு வலிக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டாவது வகைதான் என்பது அவர் அனுபவம். தெருமுனை வேகத்தடையைத் தாண்டிவரச் சொல்லி அனுப்பினார். வந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு கிளிக் திறந்தார், மறுபடி அனுப்பினார். இந்த அளவீட்டுக்கு அவரிடம் கருவி எதுவும் கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் ‘ஷாக்’ என்று விற்கும் மலிவு சைக்கிள்களில் முக்கால்வாசிக்கு இந்தச் சிவப்புக் குமிழே கிடையாது. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர்க் கட்டை, கொஞ்சம் கிரீஸ். மேல் மூடியில் திருகு வைத்திருப்பார்கள். அதைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று கடையிலேயே சொல்லி விற்கிறார்கள். ஆகாது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கும், அவ்வளவுதான். அதன் பலம் மாறாது. நாற்பது கிலோப் பையனும் தொண்ணூறு கிலோ அப்பாவும் ஒரே ஸ்பிரிங்கில்தான் ஏறுகிறார்கள். விலை ஏற்றுவதற்காக மாட்டிய கனம் என்றே எனக்குப் படுகிறது.

மதியத்துக்குமேல் சர்வீஸுக்கு வந்த ஒரு போர்க்கைப் பிரித்தார்கள். கூட இருந்த இளைஞனுக்கு வேலை ஓடியது, வாய் மூடியே இருந்தது. முதலில் காற்றின் அளவைக் குறித்துக்கொண்டு முழுக்க வெளியேற்றினான். அடியிலிருக்கும் இரண்டு போல்ட்டையும் ஆலன் கீயால் சில சுற்று மட்டும் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. போல்ட்டை முழுக்கக் கழற்றிவிட்டுத் தட்டினால் உள்தண்டின் மரை பாழாகும். கீழே வைத்த தட்டில் வழிந்தது எண்ணெயாக இருக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் தண்ணீரும் சேறும் கலந்து வந்தது. வாட்டர் வாஷ் கடையில் விட்டிருப்பார்கள் என்றார் பட்டறைக்காரர். அந்த அழுத்தத்தில் பீய்ச்சினால் டஸ்ட் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும், போனது வெளியே வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எஸ்டேட் முழங்கால் அளவுக்கு மேல் முழுகியபின் பல மாதங்களுக்கு இதே நிறம்தான் வந்ததாம்.

வெளிக்கால்களை உருவி, திருப்பூர்ப் பனியன் வேஸ்டைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தான். சீலுக்கு அடியில் ஒரு பஞ்சு வளையம் இருக்கிறது. எண்ணெயில் ஊறிக் கிடந்து உள்குழாயை ஈரமாக வைத்திருப்பது அதன் வேலை. எடுத்துக் கழுவி, பிழிந்து, புது எண்ணெயில் ஊறப்போட்டான். பிறகு சிரிஞ்ச். பைக் போர்க்கில் ஒரு காலுக்கு டம்ளர் நிறைய எண்ணெய் ஊற்றிப் பழகிய கைக்கு, இங்கே வெளிக்காலுக்குச் சில மில்லி மட்டும் என்பது முதலில் நம்ப முடியாததாக இருந்ததாகப் பட்டறைக்காரர் சொன்னார். கூடுதலாக ஊற்றினாலும் கெடுதல்தான். காற்றுக்கான இடம் குறைந்து ஓட்டம் முடிவதற்குள் போர்க் முட்டும். ராக்ஷாக்ஸ் கம்பெனி இந்த வேலையை ஓட்டத்தில் ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. பஞ்சர் ஆனால் வண்டி நிற்கும். செயின் அறுந்தால் நிற்கும். போர்க் மட்டும் எண்ணெய் வற்றிச் சாகும்வரை ஓடிக்கொண்டே இருப்பதால் இரண்டு வருஷமாகத் திறக்காததுதான் இங்கே வருகிறது.

உள்குழாயில் துரு பூத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு எஸ்டேட்டுக்குக் கைகாட்டினார். 1964இல் உண்டான அந்தத் தொழிற்பேட்டையில் ஹார்ட் குரோம் போடும் சிறு பட்டறைகள் உண்டு. போய்ப் பார்த்தேன். தொட்டியில் குரோமிக் அமிலம், ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம், சுமார் 55 டிகிரிச் சூடு. பைக் போர்க்குக் குழாய்களை அரைத்துப் பழைய குரோமை நீக்கி, தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மைக்ரான் கணக்கில் படியும் அந்தப் படலம்தான் சீலை வருஷக்கணக்கில் காக்கிறது. தொட்டியிலிருந்து எழும் ஆவி மூக்கின் நடுத்தண்டை ஓட்டை போடும், புற்றுநோயும் தரும் என்பது மருத்துவ நூல்கள் எப்போதோ எழுதிவைத்த சங்கதி. ஒடிசாவிலிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்ட தொழிலாளி ஒருவர் கழுத்துக்கு இறக்கிவிட்ட துணி முகமூடியோடு என்னிடம் பேசினார். மலைச் சைக்கிள் குழாய் வருமா என்றேன். நல்ல போர்க்கெல்லாம் அலுமினியம், அதற்கு இந்தத் தொட்டி ஆகாது. மலிவானது இரும்புதான், ஆனால் குரோம் போடும் கூலிக்குப் புதுப் போர்க்கே வாங்கிவிடலாம் என்று கணக்குச் சொன்னார்.

திரும்பிப் பட்டறைக்கு வந்தபோது உணவு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் வந்திருந்தான். போர்க் துருவேறி இறுகி, அமுங்கவே மறுத்தது. யாரோ சொன்னார்கள் என்று துருவெடுக்கும் ஸ்பிரேயை அடித்து அடித்து உள்ளே இருந்த கிரீஸையும் கரைத்துவிட்டிருக்கிறான். பிரித்துச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டான். பட்டறைக்காரர் போர்க்கை உயர்த்தித் தட்டிப் பார்த்தார்.

“இத்த தொறந்தா திரும்ப மூட முடியாது தம்பி. சாதா போர்க் போட்டுக்கோ. ஒரு கிலோ குறையும், மிதிக்கவும் லேசா இருக்கும்.”

“ஷாக் இல்லாம எப்டிண்ணா ஓட்றது?”

“இப்ப மட்டும் ஷாக்கோடவா ஓட்ற?”

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். டயரை அகலமானதாகப் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பாதிக் குலுக்கல் போய்விடும் என்று பட்டறைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். விலை கேட்டான், பேரம் பேசினான், கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்ததும் ஒத்துக்கொண்டான். அடுத்த ஆர்டருக்குள் முடியுமா என்று கேட்டபடி ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொடுத்தான். இளைஞன் அதற்குள் முன்சக்கரத்தைக் கழற்றியிருந்தான்.