முன்பாரம்

என் அக்கா தொலைபேசியில் நீட்டிப் பேசுகிறவள் அல்ல. ஆகையால், சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை அவள் என்னைக் கூப்பிட்டு, "உன் மருமகன் உங்க அத்தான் காரை அறுக்கப் போறானாம். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டபோது, எழுதிக் கொண்டிருந்த அத்தியாயத்தை அப்படியே போட்டுவிட்டு மதுரையில் பஸ் ஏறினேன். அந்த அத்தியாயம் ஒரு வாரமாக நகராமல் கிடந்தது என்பதையும் வாசகர்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

காரியாபட்டி தாண்டியதும் ஆடிக் காற்று பஸ்ஸுக்குள் புகுந்துவிட்டது. அந்தக் காற்றை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சீமைக்கருவேலங் காட்டுக்கு மேலே செம்மண் புழுதி எழுந்து நிற்கும். பனைகளெல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்திருக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பாட்டிகள் சொன்னது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் தகரக் கொட்டகையின் கூரை பறந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில், அத்தானுடைய தறிக் கொட்டகை இருக்கிறது. அவர் காலமாகி நான்கு வருஷமாகிறது. தறிகளை விற்றாயிற்று. இப்போது அங்கே அக்கா மகன் மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறான். பொறியியல் படித்துவிட்டுச் சென்னைக்குப் போகாமல் இங்கேயே உட்கார்ந்து விட்டான் என்று உறவினர்களுக்கெல்லாம் அவன் மேல் குறை. கல்லூரிப் படிப்பையே முடிக்காத எனக்கு அந்தக் குறையைச் சொல்ல வாய் வரவில்லை.

கார் நடுக் கொட்டகையில் நின்றது. மாருதி எஸ்டீம், 1999ல் அத்தான் வாங்கியது. இந்த வண்டி நம் நாட்டுப் பந்தயக்காரர்களுக்கு வெகு காலம் செல்லப்பிள்ளையாக இருந்தது என்பது எனக்கு அத்தான் சொல்லித்தான் தெரியும். அவர் 1980களில் சென்னையில் படித்தவர். வகுப்புக்குப் போனாரோ இல்லையோ, சோழவரத்துக்குப் போனார். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுபாதையில் அங்கே மோட்டார்ப் பந்தயம் நடந்து வந்தது. வெயிலில் நின்று பார்த்த அந்தப் பந்தயங்களைப் பற்றி, தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அவர் சொல்லும்போது, முகம் வேறு மாதிரி ஆகிவிடும். ஆனால் ஒரு நாளும் அவர் பந்தயம் ஓட்டியதில்லை. தறிக்கடன் இருந்தது, குடும்பம் இருந்தது.

"என்னடா செய்யப் போகிறாய்?" என்றேன்.

"ஸ்ப்ளிட்டர் மாமா" என்றான்.

பிறகு அவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். கார் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று முன்முகத்தில் மோதித் தேங்குகிறது. கொஞ்சம் காற்று வண்டிக்கு அடியில் புகுந்து முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கிறது. முன் சக்கரங்களின் பிடி குறைந்து, திருப்பினால் திரும்பாமல் நேரே வழுக்குகிறது. இதற்குப் பரிகாரமாக, பம்பருக்குக் கீழே தரையை ஒட்டினாற்போல ஒரு தட்டைப் பலகையை நாலு விரற்கடை முன்னுக்கு நீட்டி வைக்கிறார்கள். மேலே தேங்கிய காற்று பலகையை அமுக்குகிறது. கீழே இடுக்கில் விரைந்து ஓடும் காற்று அதை உறிஞ்சுகிறது. தகரக் கூரையை ஆடிக் காற்று தூக்குகிறதே, அதே வித்தைதான், தலைகீழாக.

"எவ்வளவு அமுக்கும்?"

ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் தேங்கும் காற்று, சதுர அடிக்கு ஆறு கிலோவுக்குச் சற்று அதிகமாக அழுத்துமாம். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு. ஆகவே ஊருக்குள் ஓட்டும்போது அந்தப் பலகை வெறும் அலங்காரம். அதன் வேலையெல்லாம் வேகத்தில்தான்.

இதற்கெல்லாம் ஒரு சரித்திரமும் சொன்னான். 1956ல் மைக்கேல் மே என்ற ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் தன் போர்ஷே காருக்கு மேலே ஒரு இறக்கையைத் தலைகீழாகப் பொருத்திக்கொண்டு ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் பந்தயத்துக்குப் போனார், கழற்றச் சொல்லிவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1966ல், அமெரிக்காவில் ஜிம் ஹால் என்பவர் தம் சாப்பரல் காரில் உயரமான இறக்கை வைத்து ஓட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்கு முன்பே அந்த மனிதர் முன்பக்கம் தூக்குகிறதென்று காரின் மோவாயில் ஒரு மண்வாரி போன்ற தகட்டை வைத்துப் பார்த்திருக்கிறார். அவருடைய பட்டறை எங்கே இருந்தது தெரியுமா? டெக்ஸாஸ் மாநிலத்தில் மிட்லண்ட் என்ற ஊரில். வறண்ட சமவெளி, காற்று, புழுதி. பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு பந்தயப் பாதை. அதற்கு விஷப் பாம்பின் பெயர். "நம்ம ஊர் மாதிரிதான் மாமா" என்றான் பையன். நான் தடுக்க வந்தவன் என்பது ஏறக்குறைய அப்போதே எனக்கு மறந்துவிட்டது.

அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தூணோரமாக நின்றாள். பையன் பம்பரின் கீழ் உதட்டை ரம்பத்தால் அறுத்தான். அந்தச் சத்தம் முடிகிறவரை நின்று, உள்ளே போய்விட்டாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். "நீ தடுக்கத்தானே வந்தே?" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது?

பலகை, முக்கால் அங்குலத்துக்குக் குறைந்த கனமுள்ள, தண்ணீர் தாங்கும் ப்ளைவுட். அதை அறுத்துக் கொடுக்க வந்தவர் எழுபது வயது ஆசாரி. மாட்டு வண்டி செய்தவர். வண்டிகள் போனபின் கதவு, ஜன்னல் செய்கிறவர். காகித வார்ப்பைப் பலகைமேல் வைத்துக் கோடு போட்டு, முன் விளிம்பை இழைத்து உருட்டிக் கொடுத்தார்.

முதலில் பையன் அதைப் பம்பரோடு சேர்த்துத் திருகிவிட்டான். "ஏறி நில்லுங்க மாமா" என்றான். பலகை ஓர் ஆளைத் தாங்கினால்தான் காற்றைத் தாங்குமாம். எனக்கு எடை 74 கிலோ. நான் ஏறியதும் பலகையும் பம்பரும் என்னோடு சேர்ந்து தரைக்கு வந்தன. பிளாஸ்டிக்கில் கட்டினால் நிற்காது, வண்டியின் எலும்பில் கட்ட வேண்டும் என்று அப்போதுதான் புத்தி வந்தது. தறிச் சட்டத்தில் மிச்சமிருந்த இரும்பை வெட்டி, லேத்துப் பட்டறையில் துளை போட்டு, அடிச்சட்டத்தோடு பிணைத்தோம். முன் ஓரத்தை இரண்டு கம்பிகள் மேலிருந்து பிடித்துக் கொண்டன. மறுபடி ஏறினேன். அசையவில்லை. கொஞ்சம் குதித்தும் பார்த்தேன்.

ஆசாரி வண்டியைச் சுற்றி வந்தார். "தம்பி, எல்லாம் சரி. முன்பாரம் ஏத்திட்டே. பின்னாடி என்ன வச்சிருக்கே?" என்று கேட்டார்.

மாட்டு வண்டியில் முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினால் நுகம் தூக்கிக் கழுத்துக் கயிறு இறுக்கும். பாரம் அச்சுக்கு இரண்டு பக்கமும் நியாயமாக இருக்க வேண்டும். "முன்னே அமுத்தினா வால் லேசாயிடும்" என்றார். பையன் சிரித்தான். "இது மாடு இல்லே தாத்தா." நானும் சிரித்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆவணியில் கோயம்புத்தூர் போனோம். சாலையில் இந்தப் பலகையோடு ஓட்டக் கூடாதென்பதால் அதைக் கழற்றிப் பின்னால் போட்டுக்கொண்டு, மதுரை, திண்டுக்கல் வழியாகப் பிரயாணம். செட்டிபாளையத்தில் 2003லிருந்து ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. சுற்று இரண்டு கிலோமீட்டர் சொச்சம். கரிவர்தன் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆலைக் குடும்பத்தில் பிறந்து, மாருதி 800 என்ஜினை வைத்து இந்த நாட்டிலேயே சின்னப் பந்தயக் கார்கள் செய்தவர் அவர். 1995ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2005ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் அந்த வகைக் கார்களில் ஓட்டிப் பழகியவர்தான்.

பையன் முதல் நாலு சுற்று நிதானமாக வந்தான். ஐந்தாவதில் அவன் முகம் எனக்குத் தெரிந்தது. சோழவரத்தைப் பற்றிப் பேசுகிற அத்தானின் முகம். வேகமான வளைவுக்குள் கார் நூல் பிடித்த மாதிரி நுழைந்தது. முன்பு வழுக்கிய மூக்கு இப்போது சொன்ன இடத்துக்குப் போயிற்று. அடுத்த சுற்றில் இன்னும் வேகம். வளைவின் பாதியில் பயந்தோ என்னவோ ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். பின்பக்கம் விலகியது. ஒன்றரைச் சுற்றுச் சுழன்று, புழுதிக்குள் போய் நின்றது. புழுதி அடங்கி, கதவு திறந்து அவன் இறங்குகிற வரைக்கும் நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. பலகையின் இடது மூலை மட்டும் பிய்ந்திருந்தது.

"தாத்தா சொன்னாரு மாமா" என்றான். திரும்பி வரும்போது ஒட்டன்சத்திரம் வரை இருவரும் வேறு எதுவும் பேசவில்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றான். ஆனால் நான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பூ கட்டிக் கொண்டிருந்தாள். கைகள் நின்றன. இதோ, காரை விற்கச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "ஆசாரி அன்னைக்கே சொன்னாரே, நானும் கேட்டேனே. படிச்ச புள்ளைக்குக் காது இல்லையா?" என்றாள். கோபம் அவ்வளவும் அதற்குத்தான்.

மறுநாள் ஆசாரி வந்தார். காரின் டிக்கிக்கு மேலே வைக்கப் போகிற பலகைக்கு அளவு எடுக்க வேண்டும். பையன் காருக்கு அடியில் படுத்திருந்தான். நான் வழக்கம்போல வேடிக்கை பார்த்தேன். ஆசாரி டேப்பை இழுத்துவிட்டு யாராவது பிடிப்பார்களா என்று பார்த்தார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"உங்க பக்கம் ஒரு விரற்கடை ஏத்துங்கம்மா" என்றார் ஆசாரி. அக்கா ஏற்றினாள்.