கவுன்சிலரம்மா பேசுவாங்களா?

28 ஜனவரி 2022, வெள்ளி

இன்று வேட்புமனு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். தமிழ்நாடு முழுக்க ஒரே கட்டம். 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி. பிப்ரவரி 19 ஓட்டுப்பதிவு, 22 எண்ணிக்கை. ஒமிக்ரானுக்காக மூடின பள்ளிக்கூடம் வருகிற செவ்வாய்க்கிழமை திறக்கிறது. திறந்த கையோடு எங்களைத் தேர்தல் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நெல்லை மாநகராட்சிக்கு 55 வார்டு. போன மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதற்கப்புறம் தேர்தலே இல்லை, தனி அலுவலர்தான். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் சொல்கிறது. சொல்லி என்ன? தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய் நிற்பது என்பதே எங்கள் தெருவுக்கு மறந்துபோயிற்று. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை 2018இல் இடித்தார்கள், இன்னும் கட்டி முடித்தபாடில்லை. மன்றம் என்று ஒன்று இருந்திருந்தால் ஒரு கவுன்சிலராவது எழுந்து சத்தம் போட்டிருப்பார்.

இந்தத் தடவை பாதி வார்டு பெண்களுக்கு. 2016இல் சட்டத்தைத் திருத்தி, மூன்றில் ஒரு பங்காக இருந்ததை ஐம்பது சதவீதமாக்கினார்கள். நகர்ப்புறத்தில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வருகிற முதல் தேர்தல் இதுதான். டெபாசிட் நாலாயிரம் ரூபாய், பட்டியல் சாதியினருக்கு இரண்டாயிரம். கதவு அகலமாகத்தான் திறந்திருக்கிறது. யார் நுழைகிறார்கள் என்று பார்க்கலாம்.

7 பிப்ரவரி, திங்கள்

வாபஸ் வாங்க இன்று கடைசி நாள். சாயங்காலமே நோட்டீஸ் வர ஆரம்பித்துவிட்டது. ஒன்றை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மேலே கட்சித் தலைவர்கள் வரிசை. நடுவில் வெள்ளைச் சட்டையும் கும்பிட்ட கையுமாக ஒருத்தர். வலது மூலையில், ஏதோ கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்த மாதிரி, பட்டுப்புடவையில் ஒரு பெண். அந்தப் பெண்தான் வேட்பாளர். நடுவில் இருப்பவர் அவருடைய வீட்டுக்காரர். பேருக்குக் கீழே உள்ள செல் நம்பரும் அவருடையதாகத்தான் இருக்கும்.

இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். ஆண்கள் மட்டுமே நின்றபோது அந்த மூலைப் படம்கூடக் கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நெல்லை 1994இல் மாநகராட்சியானது. 1996இல் நடந்த முதல் தேர்தலில் மேயரானவர் ஒரு பெண், உமா மகேஸ்வரி. 2011இல் ஜெயித்தவரும் ஒரு பெண், விஜிலா சத்தியானந்த். பெண் மேயரைப் பார்த்துப் பழகின ஊர்தான் இது. வார்டு அளவில்தான் இன்னும் வீட்டுக்காரர் படம் தேவைப்படுகிறது.

போன அக்டோபரில் நடந்த ஊராட்சித் தேர்தலையும் நினைத்துப் பார்க்கிறேன். தென்காசிப் பக்கம் வெங்கடாம்பட்டியில் 21 வயது சாருகலா தலைவரானார். இங்கே பாளையங்கோட்டை ஒன்றியத்துச் சிவந்திபட்டியில் 90 வயது பெருமாத்தாள். வயசை வைத்துப் பத்திரிகைகள் இரண்டு பேரையும் கொண்டாடின. ஜெயித்த மறுநாள் முதல் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள் என்று அந்தக் கேமராக்கள் திரும்பி வந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

10 பிப்ரவரி, வியாழன்

பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு மேலப்பாளையம் போயிருந்தேன். திண்ணையில் நாலைந்து பேர் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நனைத்த இலையைத் தகட்டை வைத்து அளவாக வெட்டுகிறார்கள். தூளைக் கிள்ளி வைத்து, விரலால் உருட்டி, வாயை மடக்கி நூல் கட்டுகிறார்கள். கண் தட்டில் இல்லை, கை மட்டும் ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றினால்தான் கட்டுப்படியாகும் என்றார்கள்.

அந்த வார்டில் இடதுசாரிக் கட்சி வேட்பாளர் ஒருத்தர் அப்போது வந்தார். அவரும் பீடி சுற்றுகிறவர்தான். கும்பிட்டுவிட்டுப் போகாமல் உட்கார்ந்து, ஒரு தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேசிக்கொண்டே சுற்றினார். பாளையங்கால்வாயில் சாக்கடை விழுவதை நிறுத்த வேண்டும், வாறுகாலில் மண் அள்ளி எத்தனையோ மாசமாச்சு, கடைத்தெருவுக்குப் போகிற பொம்பளைகளுக்கு ஒரு நல்ல கக்கூஸ் இல்லை. அவர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். ஒரு தடவைகூடப் புரட்சி என்று சொல்லவில்லை.

மூலையில் இருந்த ஆச்சி ஒருத்தி கேட்டாள்: “ஏளா, ஜெயிச்சா நீ வருவியா, ஒம் மாப்பிள்ள வருவாரா?”

“அவுக கொல்லத்துல பெயிண்டிங் வேலைக்கிப் போயிருக்காக ஆச்சி. நான்தான் வரணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது இந்தத் தேர்தலில் கேட்ட நல்ல வாக்குறுதியாகப் பட்டது.

13 பிப்ரவரி, ஞாயிறு

ஒரு கல்யாணத்துக்காகத் தாழையூத்து வழியாகப் போனேன். சிமெண்ட் ஆலையைத் தாண்டும்போது ப. கிருஷ்ணவேணியின் ஞாபகம் வந்தது. 2006இல் தாழையூத்து ஊராட்சித் தலைவரானவர். அருந்ததியர் சமூகத்துப் பெண். வீட்டுக்காரர் பின்னால் நிற்காமல் தானே ஆபீஸில் உட்கார்ந்து நிர்வாகம் செய்தவர். பெண்களுக்குப் பொதுக் கழிப்பிடம் கட்ட முயன்றார். அதற்கு எதிர்ப்பு வந்தது. மிரட்டல் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லியும் இருந்தார். 2011 ஜூன் 13ஆம் தேதி ராத்திரி, ஆட்டோவில் வீடு திரும்பும் வழியில் மறித்து வெட்டினார்கள். உடம்பெல்லாம் வெட்டு. பிழைத்ததே பெரிய விஷயம். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் கொல்லப்பட்டது நாடு முழுக்கத் தெரியும். மதுரைப் பக்கத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கின பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் பத்து வருஷம் தேர்தலே நடத்த விடாமல் வைத்திருந்ததும் தெரியும். நம் ஊருக்கு வெளியே, பஸ்ஸில் அரைமணி நேர தூரத்தில் நடந்தது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? ஒதுக்கீட்டில் நாற்காலி கிடைக்கும். அதில் பேருக்கு உட்கார்ந்திருக்கிற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த இடத்தில் கழிப்பிடம் கட்டு என்று உத்தரவு போட்டால்தான் தெரியும், அந்த ஊர் எங்கே நிற்கிறது என்று.

மேடையில் சாதி ஒழிப்பு பேசுகிறவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆளும் கூட்டணியின் பேரிலேயே முற்போக்கு இருக்கிறது. எந்தத் தெருவுக்குக் குழாய் முதலில் போகும், எந்தத் தெருவுக்குக் கடைசியில் போகும் என்று கேட்கிற வேட்பாளரைத்தான் நான் தேடுகிறேன். சாதி, மதம், பெண் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள்ளேயே அடங்கிவிடும்.

19 பிப்ரவரி, சனி

ஓட்டுச்சாவடி வேலை. ராத்திரியே போய் அங்கேயே படுத்து, விடியும் முன்னால் எழுந்து, ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டி, அதை அழித்து, சீல் வைத்து, ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை கொரோனா நோயாளிகளுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். எங்களுக்கும் கவச உடை தந்தார்கள். புழுக்கத்தில் உயிர் போய்விட்டது.

நான் மை வைக்கிற மேசையில் இருந்தேன். 2011இல் மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டு. இப்போது ஒன்றுதான். “மேயருக்கு மெசின் எங்க டீச்சர்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். கவுன்சிலர்கள் சேர்ந்து மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்றேன். “அப்ப நமக்கு அவரு பதில் சொல்ல வேண்டாம், இல்லியா?” என்றபடி விரலை நீட்டினார். மேசையில் இருந்துகொண்டு நான் அதற்கு வாய் திறக்கக் கூடாது.

22 பிப்ரவரி, செவ்வாய்

நெல்லையில் 55க்கு 51 திமுக கூட்டணிக்கு, 4 அதிமுகவுக்கு. மேலப்பாளையத்து அம்மா தோற்றுவிட்டார். அந்த நோட்டீஸ் மூலைப் பெண் ஜெயித்துவிட்டார். மாலை அவருடைய வீட்டுக்காரர் கழுத்தில்.

வேலூரிலிருந்து ஒரு நல்ல செய்தி. 37ஆவது வார்டில் திருநங்கை கங்கா ஜெயித்திருக்கிறார். அவருக்காக ஒதுக்கின வார்டு இல்லை அது. கூடவே இருந்து வேலை செய்தவர் என்று பார்த்து மக்கள் போட்ட ஓட்டு. சட்டசபைக்கோ நாடாளுமன்றத்துக்கோ இப்படி ஒருத்தரை அனுப்ப நமக்கு இன்னும் மனசு வரவில்லை. வார்டில் வருகிறது. முகம் தெரிந்தவர் என்றால் பழைய வெறுப்பு கொஞ்சம் தளர்கிறதோ?

4 மார்ச், வெள்ளி

மேயராக பி.எம். சரவணன், துணை மேயராக கே.ஆர். ராஜு. சென்னைக்கு மேயர் பிரியா. முப்பது வயதுகூட ஆகாத தலித் பெண் ரிப்பன் மாளிகையில் அங்கி போட்டு உட்கார்ந்ததை டிவியில் பார்க்க நிறைவாக இருந்தது. 21 மாநகராட்சியில் 11 மேயர் பதவி பெண்களுக்கு. எல்லாப் பேரும் கட்சி ஆபீஸிலிருந்து வந்தவை. ஓட்டுச்சாவடியில் அந்தப் பெரியவர் கேட்டது மறுபடி காதில் விழுந்தது.

1 நவம்பர் 2022, செவ்வாய்

உள்ளாட்சி தினம். கிராமசபை மாதிரி நகரங்களிலும் பகுதி சபை கூட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. இன்று முதல் கூட்டம். முதலமைச்சர் தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்துக்குப் போயிருக்கிறார்.

எங்கள் பகுதியில் சாமியானா போட்டு, முப்பது நாற்பது நாற்காலி. கவுன்சிலரம்மா நடுவில். மைக் வீட்டுக்காரர் கையில். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டின ரோட்டை ஏன் இன்னும் மூடவில்லை என்று ஒருத்தர் கேட்டார், அவர் பதில் சொன்னார். குப்பை வண்டி பற்றிக் கேட்டார்கள், அதற்கும் அவரே. பின்வரிசையில் இருந்து ஒரு பெண் குரல்: “அண்ணாச்சி, நீங்க ஒக்காருங்க. நாங்க ஓட்டுப் போட்டது அக்காவுக்கு. அக்கா பேசட்டும்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கவுன்சிலரம்மா எழுந்தார். முதல் இரண்டு வாக்கியம் தடுமாற்றம். பிறகு அந்தத் தெருவில் எந்த வீட்டு முன்னால் பள்ளம், எத்தனை அடி, எந்தக் காண்டிராக்டர், எப்போது வந்து போனார் என்று வரிசையாகச் சொன்னார். அத்தனையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் அவரிடம் கேட்டதில்லை.

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே எதிர்த்து நின்றதில் சரவணன் போன மாதம் ராஜினாமா செய்தார். இன்று மேயர் தேர்தல். கட்சி நிறுத்தின ஜி. ராமகிருஷ்ணனுக்கு 30 ஓட்டு. அதே கட்சியிலிருந்து போட்டிக்கு நின்ற பவுல்ராஜுக்கு 23. சைக்கிளில் வார்டைச் சுற்றி வருகிறவர் என்று ராமகிருஷ்ணனை ஊர் மெச்சுகிறது. மெச்சலாம். இரண்டரை வருஷம் இந்த மன்றம் யாரை மேயராக வைப்பது என்றே சண்டை போட்டதே, அந்த நாளெல்லாம் தாமிரபரணியில் சாக்கடை கலந்துகொண்டேதான் இருந்தது.

நவம்பர் 2024

தாழையூத்து வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆறு பேருக்கு நெல்லை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்திருக்கிறது. சம்பவம் நடந்து பதிமூன்று வருஷம். அதற்குள் அந்த ஊராட்சியில் எத்தனை தேர்தல் வர வேண்டியிருந்தது, எத்தனை தள்ளிப்போனது! நீதி தாமதமாக வந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். எனக்குத் தோன்றுவது வேறு. இந்தப் பதிமூன்று வருஷமும், தேர்தலில் நிற்கலாமா என்று யோசித்த எத்தனை அருந்ததியர் பெண்களுக்கு வீட்டில் இந்தக் கதையைச் சொல்லித் தடுத்திருப்பார்கள்?

அடுத்த மாநகராட்சித் தேர்தலில் நோட்டீஸ் கொடுக்க வருகிறவர்களிடம் கொள்கை என்ன என்று கேட்கப்போவதில்லை. மன்றக் கூட்டத்தில் நீங்கள் பேசுவீர்களா, வேறு யாராவது பேசுவார்களா? வாறுகால் வேலை எந்தத் தெருவிலிருந்து ஆரம்பிக்கும்? எதிர்த்து மிரட்டுகிறவன் உங்கள் கட்சிக்காரனாகவே இருந்தால், உங்கள் பக்கம் யார் நிற்பார்கள்? முதல் இரண்டுக்கும் வேட்பாளர் பதில் சொல்லலாம். மூன்றாவதற்கு வேட்பாளரை மட்டும் கேட்டால் போதாது, கட்சியும் நாங்களும் சேர்ந்து சொல்ல வேண்டிய பதில் அது. அன்றைக்குப் பின்வரிசையில் குரல் கொடுத்தாளே, அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ப் பேச வேண்டும். அவள் நிற்பதாக இருந்தால் டெபாசிட்டுக்கு முதல் ஆயிரம் என்னுடையது.