பீஜிங்கில் ஒரு வாடகை வீடு

என் கணவருக்கு 2018-ல் பீஜிங்கில் ஒரு வருஷ ஆராய்ச்சி வேலை கிடைத்தது. ஒன்றரை வயசுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கிளம்பிவிட்டேன். அக்டோபர் மாதம் போய் இறங்கினோம். விருந்தினர் விடுதியில் நாளுக்கு நாள் பணம் கரைந்தது. குளிரோ நெருங்கிக்கொண்டிருந்தது. சீக்கிரம் வீடு பிடித்தாக வேண்டும்!

நாங்கள் தேடியது வுதாவ்கோ என்ற பேட்டையில். அந்தப் பேருக்கு 'ஐந்தாவது கேட்' என்று அர்த்தமாம். 1909-ல் திறந்த ஜாங்ஜியாகோ ரயில் பாதையில் இருந்த லெவல் கிராஸிங் அது. 2016-ல் மூடிவிட்டார்கள், பேர் மட்டும் நின்றுவிட்டது. சிங்ஹுவா, பீகிங் பல்கலைக்கழகங்கள் இரண்டும் அருகிலேயே இருப்பதால் எங்கும் மாணவர் கூட்டம். வாடகையோ யானை விலை, குதிரை விலை!

முதலில் புரோக்கர் காட்டியது ஆறாவது மாடி. பழைய கட்டடங்களில் ஆறு மாடி இருந்தாலும் லிஃப்ட் இருக்காது. குழந்தையையும் காய்கறிப் பையையும் தூக்கிக்கொண்டு தினம் யார் ஏறுவது? வேண்டாம் என்றேன்.

அடுத்த வீடு ரொம்பப் பிடித்திருந்தது. லிஃப்ட் உண்டு, வெயில் விழும் பால்கனி, வாடகையும் குறைவு. ஆனால் வீட்டுக்காரர், "போலீஸ் பதிவெல்லாம் வேண்டாமே" என்று இழுத்தார். அங்கே வெளிநாட்டார் குடிபுகுந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் பதிந்தாக வேண்டும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் தங்கும் அனுமதியே சிக்கலாகிவிடும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வம்பு எதற்கு? மனசே இல்லாமல் விட்டுவிட்டு வந்தோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நாலு நாள் கழித்து மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. வீட்டுக்கார அம்மாள், நாங்கள் கேட்கும் முன்பே சிவப்பு அட்டை போட்ட வீட்டுப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் எடுத்து வைத்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் தானே கூட வந்தார்.

பணம் கொடுக்கும் முறைக்கு 'யா யீ ஃபூ ஸான்' என்று பெயர். ஒரு மாத அட்வான்ஸ், மூன்று மாத வாடகை முன்கூட்டியே. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. ஆக, சாவி கைக்கு வருவதற்குள் ஐந்து மாத வாடகை காலி!

இன்னொரு விஷயம். வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் நம் இஷ்டத்துக்கு ஓடாது. நகரம் முழுக்க வழக்கமாக நவம்பர் 15-ல் தொடங்கி மார்ச் 15 வரைதான். அதற்கு முந்தின இரண்டு வாரம் குழந்தைக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் மாட்டி, மின்சார ஹீட்டரை வைத்துச் சமாளித்தேன். சூடு வந்ததும் காற்று காய்ந்து போய்க் குழந்தையின் உதடு வெடித்தது. அம்மாள் பார்த்துவிட்டு, ஈரத் துண்டைக் குழாய் மேல் விரிக்கச் சொல்லிக் கொடுத்தார். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கணும் என்று பாஷை தெரியாத எனக்குக் கையாலேயே ஜாடை காட்டியதும் அவர்தான்.

வெளிநாட்டில் வீடு தேடும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன். பால்கனியையும் லிஃப்டையும் பிறகு பாருங்கள். பத்திரத்தைக் காட்டத் தயங்காத, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட வரும் வீட்டுக்காரரை முதலில் பாருங்கள். வீடு சின்னதாக இருந்தாலும் குழந்தையை நிம்மதியாகத் தூங்க வைக்கலாம்!