அம்மாவின் கோபம்

எங்கள் அம்மா கோபக்காரி என்று ஊரெல்லாம் பெயர். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நாங்கள் யாரும் அவளிடம் வாய் கொடுக்க மாட்டோம்.

1945-ல் அமெரிக்காவிலே, மின்னஸோட்டா சர்வகலாசாலையில், ஆன்ஸல் கீஸ் என்ற நிபுணர் 36 வாலிபர்களை 24 வாரம் அரை வயிற்றோடு வைத்துப் பார்த்தார். தாமாக முன்வந்தவர்கள், யுத்தமே வேண்டாமென்று ஒதுங்கிய சாதுக்கள்! அவர்களே அற்ப விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார்களாம். சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார்களாம்.

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்து, அம்மா ரசமண்டியோடு உட்காரும்போது மணி மூன்று ஆகிவிடும். 40 வருஷமாக!

நேற்று முதல் இலையை அவளுக்குப் போட்டேன்.

“இதென்னடீ புதுக் கூத்து?” என்று சீறினாள்.

ஆனாலும் உட்கார்ந்தாள்.