நல்லபாம்பு என்று பெயர் வைத்த கப்பல்

இருட்டிய பிறகு பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் எங்கள் ஊரில். ‘பூச்சி’ என்பார்கள். அப்படி வளர்ந்த எனக்கு, ஒரு போர்க்கப்பலுக்கு நல்லபாம்பின் பெயரையே வைத்திருந்தார்கள் என்று படித்ததும் மேலே படிக்காமல் இருக்க முடியவில்லை. பிரிட்டிஷ் கடற்படையின் ‘கோப்ரா’ அது. அதே 1899-ல் கடலில் இறக்கிய இன்னொரு கப்பலின் பெயர் ‘வைப்பர்’, அதாவது விரியன். 1901-ல், 46 நாள் இடைவெளியில் இரண்டுமே போய்ச் சேர்ந்தன.

இவை நாசகாரி வகைக் கப்பல்கள். சின்னச் சின்னப் படகுகள் வேகமாக வந்து டார்பிடோ குண்டை விட்டுப் பெரிய போர்க்கப்பலையே மூழ்கடித்துவிடும் என்ற பயம் அப்போது இருந்தது. அந்தப் படகுகளைத் துரத்திப் பிடிக்கத்தான் நாசகாரியைக் கண்டுபிடித்தார்கள். முதலாவதான ‘ஹேவக்’ 1893-ல் வந்தது. துரத்துவதுதான் வேலை என்பதால் எல்லாவற்றுக்கும் மேலே வேகம். வேகம் வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும். ஆகவே உடம்பு நீளமாக, ஒல்லியாக, தகடு மெல்லியதாக. உள்ளே பெரிய பிஸ்டன் இன்ஜின்கள் மேலும் கீழும் அடிக்கிற அடியில் கப்பலே நடுங்குமாம்.

இந்த நடுக்கத்துக்கு முடிவு கட்டியவர் சார்லஸ் பார்சன்ஸ். நீராவியை பிஸ்டனில் முட்ட விடாமல், வரிசை வரிசையான தகடுகளின் மேல் பாயவிட்டுக் காற்றாடி மாதிரி சுழல வைத்தார். அதுதான் டர்பைன். நெய்வேலியில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பதும் நீராவி டர்பைனில்தான். 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காகக் கடற்படை முழுவதும் அணிவகுத்து நின்றபோது, பார்சன்ஸின் ‘டர்பினியா’ என்ற குட்டிப் படகு யாரையும் கேட்காமல் நடுவே புகுந்து ஓடிக் காட்டியது. காவல் படகுகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

அதற்குப் பிறகு கடற்படை எப்படி மறுக்கும்? டர்பைன் வைத்த நாசகாரியாக ‘வைப்பர்’ வந்தது. சோதனை ஓட்டத்தில் 36 நாட்டுக்கு மேல் ஓடியது. மணிக்கு 67 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உலகத்திலேயே வேகமான போர்க்கப்பல். 1901 ஆகஸ்ட் 3 அன்று, போர்ப் பயிற்சியின்போது, ஆல்டர்னி தீவுக்கு அருகே மூடுபனியில் பாறையில் மோதி உடைந்தது. நல்லவேளை, ஓர் உயிர் கூடப் போகவில்லை.

‘கோப்ரா’வின் கதை அப்படி முடியவில்லை. அது கடற்படை சொல்லிக் கட்டிய கப்பல் அல்ல. ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனம் டைன் ஆற்றங்கரையில் தானாகக் கட்டி, பிறகு கடற்படைக்கு விற்றது. 1901 செப்டம்பர் 17 மாலை, அங்கிருந்து போர்ட்ஸ்மத்துக்குக் கிளம்பியது. மொத்தம் 79 பேர். கடற்படைக்காரர்களோடு பார்சன்ஸ் நிறுவனத்து ஆட்களும் ஏறியிருந்தார்கள். புது இன்ஜின் என்பதால், கப்பலை ஒப்படைக்கும்வரை அவர்களும் கூடவே போக வேண்டியிருந்தது.

இரவில் கடல் முரண்டு பிடித்தது. மறுநாள் காலை ஏழு மணியைத் தாண்டியதும், லிங்கன்ஷயர் கரைக்கு அப்பால் கப்பல் நடுவில் ஒடிந்து இரண்டாகிவிட்டது. ஒரு சின்னப் படகில் ஏறிய 12 பேர் மட்டும் பல மணி நேரம் கடலில் தத்தளித்த பிறகு மீட்கப்பட்டார்கள். 67 பேர் போய்விட்டார்கள். தலைமை அதிகாரி லெப்டினன்ட் போஸ்வொர்த் ஸ்மித் அந்தப் படகில் ஏறவில்லை. பார்சன்ஸ் தொழிற்சாலையின் மேலாளர் ராபர்ட் பர்னார்டும் இறந்தவர்களில் ஒருவர். அவரோடு வந்த தொழிலாளர்களை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. சண்டைக்குப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டு ஏறியவர்கள் இல்லை அவர்கள். இயந்திரத்தை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்ப வேண்டியவர்கள்.

கப்பல் போனால், பிழைத்தவர்கள் கடற்படை நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்பது வழக்கம். அக்டோபரில் விசாரணை நடந்தது. கப்பல் தரை தட்டவில்லை, எதன் மீதும் மோதவும் இல்லை, அதன் உடம்பிலேயே வலு போதவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. மற்ற நாசகாரிகளைவிட இது பலவீனமானது, இதைக் கடற்படைக்கு வாங்கியதே வருந்தத்தக்கது என்றும் சொன்னது. தங்கள் மேலிடத்தைப் பற்றி அதிகாரிகளே இவ்வளவு வெளிப்படையாகத் தீர்ப்பு எழுதியது ஆச்சரியம்தான்.

ஆனால் ஊர் வாயில் நின்றது தீர்ப்பு அல்ல, பெயர். 1890-ல் ‘சர்ப்பென்ட்’ என்ற கப்பல் ஸ்பெயின் கரையில் உடைந்து, மூன்று பேரைத் தவிர எல்லோரும் இறந்திருந்தார்கள். அதுவும் பாம்புதான். பாம்புப் பெயர் ஆகாது என்று பேச்சு எழுந்தது.

இதைப் படித்து வெள்ளைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. எங்கள் சித்தப்பாவிடம் ஒரு லாரி இருந்தது. இரண்டு முறை விபத்தில் சிக்கியது. “நம்பர் ராசியில்ல” என்று விற்றுவிட்டார்கள். வாங்கியவர் முதல் வேலையாகக் கழற்றிப் பார்த்தது பிரேக்கை. லைனிங் தேய்ந்து தகடு தெரிந்ததாம். வண்டி அவரிடம் வருடக்கணக்கில் ஓடியது. சித்தப்பா கடைசிவரை அந்த நம்பரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். பிரேக்கைத் திட்டினால், அதைப் பார்க்காமல் விட்ட ஆளையும் சேர்த்துத் திட்ட வேண்டியிருக்குமே!

கடற்படை அதோடு நிற்கவில்லை என்பதை மெச்ச வேண்டும். ஒரு குழு போட்டார்கள். ‘வுல்ஃப்’ என்ற நாசகாரியை உலர்துறையில் நிறுத்தி, முதலில் நடுவில் மட்டும் முட்டுக் கொடுத்து இரு முனைகளும் தொங்க விட்டார்கள். பிறகு இரு முனையிலும் முட்டுக் கொடுத்து நடுவைத் தொங்க விட்டார்கள். ஓர் அலையின் உச்சியில் நடு உட்காரும்போதும், இரண்டு அலைகளுக்கு இடையே தொங்கும்போதும் கப்பலுக்கு என்ன ஆகிறதோ அதையே நிலத்தில் செய்து பார்த்தார்கள். தகடு எவ்வளவு இழுபடுகிறது என்று அளந்தார்கள். புயல் கடலிலும் ஓட்டிப் பார்த்தார்கள். ‘வுல்ஃப்’ தாங்கியது. அடுத்து வந்த ‘ரிவர்’ வகை நாசகாரிகளை உறுதியாக, முன்பக்கம் உயர்த்திக் கட்டினார்கள். வேகம் சுமார் 25 நாட்தான். சோதனை ஓட்டத்தில் ஓடியது எவ்வளவு என்பதைவிட, கொந்தளிக்கும் கடலில் ஓட முடிகிறது எவ்வளவு என்று அப்போதுதான் கேட்க ஆரம்பித்தார்கள்.

டர்பைன் மேல் பழி விழவில்லை. 1906-ல் வந்த ‘டிரெட்நாட்’ என்ற மாபெரும் போர்க்கப்பலே டர்பைனில்தான் ஓடியது.

இடையில் பார்சன்ஸ் தரப்பு இன்னொரு டர்பைன் நாசகாரியையும் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முதலில் வைக்க இருந்த பெயர் ‘பைதான்’, மலைப்பாம்பு! இரண்டு பாம்புகள் போன பிறகு பெயரை ‘வெலாக்ஸ்’ என்று மாற்றி 1902-ல் கடலில் இறக்கினார்கள். லத்தீன் மொழியில் ‘வேகமானது’ என்று பொருள். பாம்பு இல்லாத அந்தப் பெயரோடு 13 வருடம் ஓடியது. 1915 அக்டோபர் 25 அன்று கண்ணிவெடியில் சிக்கி அதுவும் மூழ்கியது.